மொட்டை மாடிக்குக் கீழே ஓர் அணுவின் ஆயுள்

மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால், அதன் கீழே உள்ள அறையில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் கிடக்கும் அணுவின் ஆயுள் குறையுமா?

குறையாது என்று இயற்பியல் படித்த எவரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். நானும் அந்தப் பதிலைத்தான் வைத்திருந்தேன். ஆனால் மே மாதத்தில் ஒரு வாரம், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சைப் பெயின்ட்டர்கள் எங்கள் கட்டடத்தின் மேல்தளம் முழுவதும் அடித்தார்கள். அந்த வாரம் எங்கள் கணினித் திரையில் அந்த ஆயுள் குறைந்திருந்தது. அந்த எண்ணை நம்பி ஒருவருடைய ஆய்வேடும், அதை நம்பி ஒரு வேலையும் காத்திருந்தன.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் திட்ட உதவியாளராக நான் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. எம்.எஸ்ஸி. முடித்த தோழிகள் பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். நான் போகாததற்குக் காரணம் வீரம் எதுவும் இல்லை. செய்யும் வேலையால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதலே உண்டு. வீட்டில் அதை வியாதி என்பார்கள். எங்கள் ஆய்வகத்தின் பொறுப்பாசிரியர் நேர்காணலில் ஒன்று சொன்னார். அணுவின் ஆயுளை அளக்கும் கருவியை உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டிவிட்டால், பெரிய ஆய்வு நிறுவனங்களின் வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத கல்லூரிப் பிள்ளைகளும் அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்றார். அந்த வாக்கியத்துக்காகவே சேர்ந்தேன்.

ஆயுள் என்று நாங்கள் சொன்னது அணு அழிவதைப் பற்றியது அல்ல. சரியான நிறமுள்ள லேசர் ஒளியை விழுங்கும் அணு கிளர்ச்சியுற்ற நிலைக்குப் போகிறது. சிறிது நேரம் அங்கே இருந்துவிட்டு, வாங்கிய ஒளியைத் துப்பிவிட்டுப் பழைய நிலைக்கு இறங்குகிறது. அந்தச் ‘சிறிது நேரம்’தான் ஆயுள். நாங்கள் பயன்படுத்திய ரூபிடியம் அணுவுக்கு அது ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் துணுக்குகளில் ஏறத்தாழ இருபத்தாறு. உலகம் முழுவதும் அளந்து ஒத்துக்கொண்ட எண் அது. லேசரைச் சட்டென்று வெட்டிவிட்டு, குப்பிக்குள்ளிருந்து வரும் ஒளிர்வு எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று பார்ப்பதே எங்கள் முறை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பழைய சிசிடிவி கேமரா ஒன்றை வைத்திருந்தோம். அதன் திரையில் மட்டும் குப்பியின் நடுவில் வெள்ளை நூல் போல ஒரு கோடு தெரியும்.

அந்த மேசையின் உண்மையான உரிமையாளர் என்னைவிட மூத்த ஆய்வு மாணவி. நான் அவரை அக்கா என்றே அழைத்தேன். கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரம் வழியாக ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு ஆய்வை நடத்தினார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி அவரைத் தேர்வு செய்து வைத்திருந்தது. ஒரே நிபந்தனை, கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் ஒரு வியப்பைச் சொன்னது. எங்கள் குப்பியில் ரூபிடியத்தின் ஆயுள் இருபத்தாறாக வரவில்லை. முப்பதைத் தாண்டி வந்தது. குப்பியின் உட்சுவரில் பூசப்பட்டிருந்த மெல்லிய படலம் அணுக்களின் ஒளி உமிழ்வை மாற்றுகிறது என்பது அக்காவின் விளக்கம். கட்டுரை ஓர் ஆய்விதழின் பரிசீலனையில் இருந்தது. டிசம்பரில் எடுத்த அளவுகள் மட்டும் இருபத்தாறை ஒட்டி வந்திருந்தன. அப்போது ஒளியுணரி சரியாக அமையவில்லை என்று கருதி அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

எங்கள் ஆய்வகத்துக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. காலையில் ஏசியை இருபத்துநான்கில் வைத்து அறையைக் குளிரவிட்டு, கண்ணாடிகளையும் வில்லைகளையும் நேர்ப்படுத்துவோம். பிறகு அளவெடுக்கும்போது ஏசியை அணைத்துவிடுவோம். ஏசியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் தடுமாறி, லேசர் தன் நிறத்திலிருந்து நழுவிவிடும். மின்விசிறியும் கூடாது; காற்று ஒளிக்கதிரை அசைக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும். மேல்தளத்துக்கு நேர் கீழே இருந்த அறை அது. கத்திரி வெயிலில் நாங்கள் இருவரும் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருப்போம். “வேர்க்காம டேட்டா வராதுடி” என்பது அக்காவின் வாசகம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெயின்ட்டர்கள் வந்த வாரம் அளவுகள் இறங்கத் தொடங்கின. முதல் நாள் அக்கா பொருட்படுத்தவில்லை. மறுநாள் இன்னும் இறங்கியபோது கண்ணாடிகளை மறுபடி நேர்ப்படுத்தினார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே என்றதும், நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிக்குக் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன்.

பாதித் தளம் வெள்ளையாகிக் கண் கூசியது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் நீளக் கழியில் மாட்டிய ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பீடி பற்றவைக்கும் முயற்சியில் இருந்தார்.

“அண்ணா, கீழ மெஷின் ஓடுது. நீங்க சுரண்டறதுல எல்லாம் ஆடுது” என்றார் அக்கா.

“சுரண்டற வேலைல்லாம் எப்பவோ முட்சாச்சு மேடம். இப்ப ரோலருதான் போய்க்கினு கீது. இது இன்னா ஆட்டம் ஆடப் போவுது?”

“என் ரீடிங் எல்லாம் இறங்கிடுச்சே.”

“பிரஷரா மேடம்? உப்பு போட்டு மோர் குடிங்க, ஏறிக்கும்.”

நிழலில் இருந்தவர் சிரித்தார். “மாடிக்கு வெள்ளை அட்ச்சா கீழ மிஷினு ரிப்பேரா? நல்ல பேஜாரா கீதுபா. நாளைக்கு மழை பெய்லன்னாலும் நம்மளத்தான் சொல்வாங்க.”

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் படியிறங்கும்போது அவர் முகம் மாறியிருந்தது. “தீசிஸ் கமிட்டி முன்னாடி என்னடி சொல்வேன்? அணுவுக்கு பெயின்ட் வாசனை ஒத்துக்கலன்னா?” என்றார்.

அன்று பிற்பகலும் அளவெடுத்தோம். வழக்கம்போல ஏசி நின்றது, விசிறி நின்றது, கதவு மூடியது. தட்டச்சு செய்துகொண்டிருந்த நான் முகத்தைத் துடைக்கத் துப்பட்டாவை எடுத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. துப்பட்டா காலையில் போட்டபடியே உலர்ந்திருந்தது. தலைக்கு மேலிருந்து இறங்கும் அந்த அடுப்புச் சூடு அன்று பாதியாகியிருந்தது. பெயின்ட்டர்கள் தங்கள் வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

ஆய்வேட்டின் பக்கங்களை நான்தான் பிழை பார்த்துக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு பத்தி நினைவுக்கு வந்தது. ரூபிடியம் என்பது குப்பியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு உலோகம். அதிலிருந்து ஆவியாகும் அணுக்களே குப்பிக்குள் மிதப்பவை. சூடு ஏற ஏற ஆவி அடர்த்தியாகும். அடர்த்தியான ஆவியில் ஓர் அணு துப்பிய ஒளியைப் பக்கத்து அணு விழுங்கிவிட்டு மறுபடி துப்பும். அதை அடுத்தது விழுங்கும். ஒளி வெளியே வரத் தாமதமாகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அணுவே நெடுநேரம் வைத்திருந்ததாகத் தோன்றும். இது எங்கள் துறையில் அனைவரும் அறிந்த சிக்கல். அக்காவும் அறிந்திருந்தார், கணக்கும் போட்டிருந்தார். இருபத்துநான்கு டிகிரியில் அந்தத் தாமதம் மிகச் சொற்பம், பொருட்படுத்தத் தேவையில்லை என்று அந்தப் பத்தி முடிந்திருந்தது.

மாடம்பாக்கத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அந்த இருபத்துநான்கையே நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்னால் அக்கா அந்த வேலையை இழக்கலாம். சொல்லாவிட்டால், கட்டுரை வெளியாகி, வேறெங்கோ ஒருவர் தம் குப்பியில் அளந்து, அக்காவின் பெயரோடு அந்த எண்ணைத் தவறென்று எழுதுவார். அதுவும் நடக்காவிட்டால் இன்னும் மோசம்: இந்தக் கருவியை நகலெடுக்கப் போகும் கல்லூரிகளில் பிள்ளைகள் தப்பான எண்ணைச் சரியென்று மனப்பாடம் செய்வார்கள். எது பெரிய கெடுதல் என்று என்னால் எடைபோட முடிந்தது. எடைபோட்டு முடித்த பிறகும் அதைச் சொல்லப் போகும் வாய் என்னுடையது என்பது மட்டும் மாறவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஆட்டோ நெடுநேரம் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் கூடையை என் மடியில் பாதி ஏற்றிவிட்டு, “கொஞ்சம் புட்சிக்கோமா” என்றார். வீடு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை அக்கா வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டேன்.

“அக்கா, தீசிஸ்ல ரூம் டெம்பரேச்சர் இருபத்துநாலுன்னு போட்டிருக்கீங்களே, அது எங்கேருந்து எடுத்தீங்க?”

“ஏசி ரிமோட்ல இருக்கே.”

“ஆனா டேட்டா எடுக்கும்போது ஏசி ஓடாதே.”

ஹெல்மெட் அவர் கையிலேயே இருந்தது. ரிமோட்டைப் பார்த்தார். பிறகு மேற்கூரையைப் பார்த்தார். எங்கள் பதிவுகளில் லேசரின் மின்னோட்டம் இருந்தது, ஒளியுணரியின் மின்னழுத்தம் இருந்தது, அளவெடுத்தவர் பெயர் இருந்தது. சூடு எங்கும் இல்லை. சூடு எங்களுக்கு நேரும் சங்கடம் என்றே நினைத்திருந்தோம்; அணுவுக்கும் அதே அறைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

“கெமிஸ்ட்ரில தெர்மாமீட்டர் வாங்கிட்டு வா” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

வெளி வெளிச்சம் படாமலிருக்கக் குப்பியை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். ஏசியை அணைத்துவிட்டு, அதற்குள் வெப்பமானியை நுழைத்துக் காத்திருந்தோம். வெள்ளை அடித்த பிறகும், பக்கத்திலிருந்த மின்கருவிகளின் வெப்பத்தால் பாதரசம் முப்பத்தைந்தைத் தாண்டி நின்றது.

“வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடி நாப்பதுக்கு மேல இருந்திருக்கும்” என்றேன்.

“ம்.”

அக்கா தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன்.

“வா, ஐஸ் வாங்கிட்டு வரலாம்” என்றார்.

“ஐஸா?”

“குப்பிக்கு வால் இருக்குல்ல, சொட்டு ஒட்டிட்டு இருக்கற இடம், அதை மட்டும் குளிர வைப்போம். ஆவி குறையட்டும். இருபத்தாறு வந்தா எனக்கு வேலை போச்சு. முப்பதுலயே நின்னா உனக்கு ட்ரீட். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே தெரியட்டும். தெரியாம என்னால டியூஷன்ல உக்காந்து அந்தப் பசங்களுக்கு ஃபிசிக்ஸ் சொல்லித் தர முடியாது.”

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த கரும்புச்சாறு வண்டிக்காரர், ஐஸ் மட்டும் வேண்டும் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஜூஸு வாணாமா? வெறும் ஐஸ வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?”

“ஒருத்தருக்கு ஜொரம் அண்ணா” என்றார் அக்கா.

“அப்ப எலுமிச்சம்பழம் புழிஞ்சி குட்க்கச் சொல்லுங்க” என்று இரண்டு எலுமிச்சம்பழங்களையும் உறையில் போட்டார்.

உடைத்த ஐஸைப் பொடியாக்கி, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் நிரப்பி, குப்பியின் வாலை அதற்குள் இறக்கினோம். குப்பியின் பக்கங்களில் நீர்த்திவலை படியாமலிருக்கத் தெர்மோகோல் துண்டால் தடுத்தோம். கேமராத் திரையில் அந்த வெள்ளைக் கோடு மெல்ல மெல்ல மங்கியது. மங்குவது நல்ல அறிகுறி. ஆவி அடங்குகிறது என்று பொருள். எனக்கோ ஒருவர் மூச்சு இறங்குவதைப் பார்ப்பது போலிருந்தது. ஒளி குறைந்ததால் அளவு சேர நேரம் பிடித்தது. அக்கா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு?” என்றார், திரும்பாமலே.

ஒளி மங்கும் வளைகோட்டைக் கணக்கோடு பொருத்தி, வந்த எண்ணைச் சொன்னேன். இருபத்தாறும் சொச்சமும்.

அவர் திரும்பினார். அழுவார் என்று நான் பயந்தேன். அவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அடப்பாவி, டிசம்பர் டேட்டா கரெக்ட்டு” என்றார். “அப்போ ஏசியே போடல. வெளில மழை. ஜில்லுனு இருந்துது. சரியா வந்த ஒரே மாசத்தை நான் தூக்கிப் போட்டிருக்கேன்.”

“படலத்தால ஒண்ணும் இல்லையாக்கா?”

“படலம் பாவம், அது பாட்டுக்கு இருந்துருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “தாம்பரம் ஸ்டேஷன் மாதிரிடி” என்றார். “ட்ரெயின் கரெக்ட் டைமுக்குத்தான் வந்துருக்கு. மேம்பாலத்துல கூட்டம். நாம வாசல்ல நின்னுகிட்டு ட்ரெயின் லேட்டுன்னு பேப்பர் எழுதியிருக்கோம்.”

இருவரும் சிரித்தோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதை யார் முதலில் சொல்வது என்பதே மிச்சமிருந்தது. அவரே சொன்னார். “சார்கிட்ட போலாம். பேப்பரை வாபஸ் வாங்கணும்.”

பொறுப்பாசிரியர் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் முழுவதையும் கேட்டார். அவரும் அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பல இடங்களில் பேசியிருந்தார். முதலில் அவருக்கு எரிச்சலே வந்தது.

“பேப்பரைப் படிச்ச ரெஃப்ரீ யாரும் இதைக் கேக்கலையேம்மா. இப்ப நீங்களா ஏன் கிளப்பறீங்க? சமர்ப்பிச்சிட்டு அப்புறமா ஒரு திருத்தம் போடலாமே.”

“அப்புறமா போட்டா அது திருத்தம் இல்ல சார், தெரிஞ்சே பண்ண தப்பு” என்றார் அக்கா.

“செங்கல்பட்டுக்காரங்க காத்துருக்க மாட்டாங்க. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

அவர் தேநீரைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியே, ஏணியை இறக்கிக்கொண்டிருந்த பெயின்ட்டர்களை ஒரு கணம் பார்த்தார். “நானும் ஒரு தடவை அந்த ரூமுக்கு வந்து உக்காந்திருக்கணும். வேர்க்குதுன்னு வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிட்டேன்” என்றார். பிறகு ஆய்வுக்கால நீட்டிப்பு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதலாம் என்று கேட்டார். நடந்ததையே எழுதலாம் என்றோம். சம்மதித்தார்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் வேறொரு வேலை செய்தோம். குப்பியின் வாலை ஐஸில் வைத்தும், அறைச் சூட்டில் வைத்தும், வெந்நீரில் வைத்தும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்தோம். சூடு ஏற ஏற அந்த எண் படிப்படியாக ஏறியது. குளிரக் குளிர இருபத்தாறை நோக்கி இறங்கி அங்கேயே நின்றது. அதை ஒரு வரைபடமாக்கியபோது, ஒரு தனிப் புள்ளியாக நின்று எங்களை ஏமாற்றிய எண் இப்போது ஒரு நீண்ட கோட்டின் நடுவில் தன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. எதையும் நீக்க வேண்டியிருக்கவில்லை. அந்தந்த நாளின் வானிலைப் பதிவிலிருந்து அறைச் சூட்டைக் கணித்துக் குறித்தபோது, மே மாத அளவுகளும் டிசம்பர் அளவுகளும் ஒரே கோட்டில் வந்தன. அக்கா அந்தக் கோட்டை விரலால் தடவி, “எல்லாமே உண்மையத்தான் சொல்லிருக்கு, பாரேன்” என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் டியூஷனுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினார்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து பெரிய நீதி எதையும் நான் எடுக்க விரும்பவில்லை. அக்காவின் நேர்மைக்கு உலகம் உடனே கூலி கொடுத்துவிடவில்லை. செங்கல்பட்டு வேலைக்கு ஜூன் மாதமே வேறொருவர் சேர்ந்துவிட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் அவர் கேன்டீனில் இரண்டு சமோசா வாங்கி, இரண்டையும் தானே சாப்பிட்டார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். “பேசாத, சாப்பிடறேன்” என்றார். என் எடைபோடும் பழக்கத்துக்கு அன்று அங்கே வேலை இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா ஆய்வேட்டை அடுத்த ஜனவரியில் சமர்ப்பித்தார். சுவர்ப் படலத்தைப் பற்றிய அத்தியாயம் போய், வெப்பநிலையைப் பற்றிய அத்தியாயம் வந்திருந்தது. கட்டுரையும் அந்தப் புதிய வடிவில் வெளியானது. அடுத்த கல்வியாண்டில் வேலூர்ப் பக்கம் வேறொரு கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. நாங்கள் கட்டிய கருவியின் நகல் இப்போது அங்கே இரண்டாமாண்டு மாணவர்களின் செய்முறையில் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஏசியை இன்னமும் அணைத்துவிட்டுத்தான் அளக்கிறோம். ஆனால் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. அது காட்டும் எண் இல்லாமல் எந்த அளவும் கணினியில் பதிவாவதில்லை.